நியூயார்க் ரெஸ்டாரண்ட் வீக்: ஜூலை வந்தால் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

ஜூலை பிறந்துவிட்டால் எனக்கு இரண்டு விதமான போன்கள் வரும். "ஊர்ல இருந்து அம்மா அப்பா வந்திருக்காங்க, நயாகராவுக்கு எப்போ போனா கூட்டம் இருக்காது?" என்பது ஒன்று. "அந்த ரெஸ்டாரண்ட் வீக் வருதாமே, எங்கே போகலாம்?" என்பது இன்னொன்று. நயாகராவில் எப்போது போனாலும் கூட்டம்தான், அதில் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது கேள்விக்கு வருஷா வருஷம் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். எனக்கு வீடு நியூ ஜெர்சி எடிசனில், வேலை நியூயார்க் மன்ஹாட்டனில். சாப்பாட்டு நிபுணன் எல்லாம் இல்லை. பில் வந்தால் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்க்கிற ஆள், அவ்வளவுதான்.

ரெஸ்டாரண்ட் வீக் என்றால் என்ன? ஒரு வாரம்தானா?

பெயரில்தான் வாரம். 2025 கோடையில் ஜூலை 21 தொடங்கி ஆகஸ்ட் 17 வரை, முழுதாக நாலு வாரம் நடந்தது. குளிர்காலத்தில் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் இன்னொரு முறை வரும். நகரத்தின் சுற்றுலா அமைப்பு நடத்துகிறது. நாம் சாதாரணமாக எட்டிப் பார்க்கவே யோசிக்கும் இடங்கள் உட்படப் பல நூறு உணவகங்கள் சேர்ந்துகொள்கின்றன. 30, 45, 60 டாலர் என்ற மூன்று விலைகளில் ஒவ்வொரு கடையும் தனக்குத் தோதானதை வைத்துக்கொள்ளும். மதியம் என்றால் இரண்டு கோர்ஸ், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஐட்டம், இரவு என்றால் மூன்று. சனிக்கிழமை கிடையாது. ஞாயிறு கடைக்குக் கடை மாறும்.

இது தொடங்கிய கதை எனக்குப் பிடிக்கும். 1992 ஜூலையில் ஜனநாயகக் கட்சி மாநாடு மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்தது. பில் கிளிண்டனை அதிபர் வேட்பாளராக அறிவித்த மாநாடு. நாடெங்கிலும் இருந்து பிரதிநிதிகளும் பத்திரிகைக்காரர்களும் வந்து குவிந்திருந்தார்கள். உணவக வழிகாட்டிப் புத்தகங்கள் போட்ட டிம் ஸகாட்டும், விண்டோஸ் ஆன் தி வேர்ல்ட் போன்ற பெரிய உணவகங்களை உருவாக்கிய ஜோ பாமும், இந்தக் கூட்டத்துக்கு ஊர்ச் சாப்பாட்டைக் காட்டலாம் என்று திட்டம் போட்டார்கள். மதியச் சாப்பாடு மட்டும்தான், விலை 19 டாலர் 92 சென்ட். வருஷத்தையே விலையாக வைத்துவிட்டார்கள். அது ஹிட்டாகி அடுத்த வருஷமும் தொடர்ந்தது. 2012 ஒலிம்பிக்ஸ் போட்டியை நியூயார்க்குக்குக் கொண்டுவர முயன்ற காலத்தில் விலை 20.12 ஆனது. ஒலிம்பிக்ஸ் 2005 இல் லண்டன் கைக்குப் போனது. அப்புறம், 24 மணி நேரமும் வாரம் 7 நாளும் தூங்காத ஊர் என்று சொல்லி 24.07 வைத்தார்கள். இப்போதைய 30, 45, 60 இல் அந்தக் குறும்பு எல்லாம் போய்விட்டது.

60 டாலர் என்றால் 60 டாலர்தானா?

இல்லை. எனக்கு வரும் சண்டை போன்களில் பாதி இதைப் பற்றித்தான்.

இரவுச் சாப்பாடு 60 டாலர். நகரத்தின் விற்பனை வரி 8.875 சதவீதம், அது 5.33. டிப்ஸ் 20 சதவீதம் போட்டால் 12. ஆக 77.33. இதற்கு மேல் வாயை நனைக்க 16 டாலருக்கு ஒரு மாக்டெயில் (மது சேராத பானம்) சொன்னீர்கள் என்றால், வரியும் டிப்ஸும் அதற்கும் சேர்ந்து, ஒரு ஆளுக்கு 98 டாலரைத் தொடும். கணவன் மனைவி இரண்டு பேர் 120 டாலர் என்று நினைத்துப் போனால், எழுந்து வரும்போது கிட்டத்தட்ட 200.

உட்கார்ந்ததும் முதலில் வரும் கேள்வி "ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங்?", சாதாரணத் தண்ணீரா சோடாத் தண்ணீரா என்று. தண்ணீர் வேண்டுமா என்று அன்பாகக் கேட்பதுபோல இருக்கும். இரண்டில் எதைச் சொன்னாலும் பாட்டில் தண்ணீர் வந்துவிடும். ஒரு பாட்டில் பத்து டாலர் பக்கம், தீரத் தீர அடுத்தது திறப்பார்கள். "டேப் வாட்டர் இஸ் ஃபைன்" என்று சொல்லுங்கள். கூச்சமே வேண்டாம். கேட்ஸ்கில் மலைப் பக்கத்து நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் தண்ணீர், இந்த ஊர்க்காரர்களே பெருமையாகக் குழாயில் பிடித்துக் குடிப்பார்கள். ஐஸ் வேண்டாம் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

டிப்ஸ் கட்டாயமா? சட்டமா?

சட்டம் இல்லை, ஆனால் கட்டாயம்தான். 2025 இல் நகரத்தின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலராக இருந்தது. டிப்ஸ் வாங்கும் சர்வருக்கு முதலாளி கையிலிருந்து 11 டாலர் கொடுத்தால் போதும், மீதியை டிப்ஸில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்றது அந்த வருஷத்து விதி. அதாவது அவருடைய சம்பளத்தில் ஒரு பங்கை நாம்தான் கொடுக்கிறோம். இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் நான் சொல்வேன். யூனியன் ஸ்கொயர் கஃபே, கிராமர்சி டாவர்ன் எல்லாம் தொடங்கிய டேனி மேயர் 2015 இல் தன் உணவகங்களில் டிப்ஸையே ஒழிக்கப்போவதாக அறிவித்தார். 2020 இல் அவரே அதைக் கைவிட்டார். பெரிய ஆளாலேயே மாற்ற முடியாததை, ஒரு மதியச் சாப்பாட்டில் நாம் மாற்றப்போவதில்லை.

18 முதல் 20 சதவீதம் வழக்கம். மனக்கணக்குக்கு உள்ளூர்க்காரர்கள் வரியை இரண்டால் பெருக்குவார்கள். அது 17.75 சதவீதம் வரும், மேலே ஒரு டாலர் சேர்த்தால் சரியாகிவிடும். கூட்டமாகப் போனால் சில இடங்களில் டிப்ஸை முன்கூட்டியே பில்லில் சேர்த்திருப்பார்கள். பில்லில் "கிராஜுவிட்டி" என்று, அதாவது டிப்ஸ் என்று, போட்டிருக்கிறதா பார்த்துவிட்டுப் போடுங்கள். நானே ஒரு தடவை இரண்டு முறை கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து நெற்றியில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

உண்மையிலேயே லாபம்தானா, இல்லை வியாபாரத் தந்திரமா?

இரண்டும்தான். ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் வசதி படைத்த நியூயார்க்கர்கள் வார இறுதியானால் ஹாம்ப்டன்ஸ் பக்கம் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். உணவகங்கள் காற்று வாங்கும். காலியாகக் கிடக்கும் நாற்காலியில் நம்மைப் போன்றவர்களை உட்காரவைக்கத்தான் இந்த ஏற்பாடு. அதில் தப்பில்லை. ஆனால் எல்லாக் கடைகளும் ஒரே மனசோடு சேர்வதில்லை.

நான் செய்வது இதுதான். கடையின் இணையதளத்தில் ரெஸ்டாரண்ட் வீக் மெனுவையும் வழக்கமான மெனுவையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வேன். 45 டாலர் மெனுவில் இருக்கும் அதே ஐட்டங்கள் வழக்கமான மெனுவில் தனித்தனியாகக் கூட்டினால் 70, 75 வருகிறது என்றால் போகலாம். வழக்கமான மெனுவிலேயே இல்லாத ஒரு சாலட், ஒரு வறுத்த கோழி, ஒரு சால்மன், கடைசியில் இரண்டு உருண்டை சார்பே (பால் சேராத பழ ஐஸ்) என்று இருந்தால், நமக்கென்று தனியாகச் சமைத்துத் தள்ளுகிறார்கள் என்று அர்த்தம். விட்டுவிடுங்கள். இன்னொன்று, ஐட்டத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் கூடுதலாகப் பத்து டாலர், பதினைந்து டாலர் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நல்லது எல்லாவற்றுக்கும் அப்படி ஒரு வால் இருந்தால் அது 45 டாலர் மெனுவே இல்லை.

சில இடங்களில் சர்வர் வழக்கமான மெனுவை மட்டும் நீட்டிவிட்டுப் போய்விடுவார். கேட்டால்தான் இது வரும். கேளுங்கள். அதைச் சாப்பிடத்தானே போயிருக்கிறோம்.

மதியமா, இரவா?

மதியம். கடையும் சமையல்காரரும் அதேதான், விலை பெரும்பாலும் குறைவு, வெளிச்சம் நன்றாக இருக்கும், பெரியவர்களுக்கு மெனு கண்ணுக்குத் தெரியும். செவ்வாய், புதன், வியாழன் தோது. ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமைகளும் மோசமில்லை, ஊர் காலியாக இருக்கும்.

டேபிள் கிடைக்கவே மாட்டேன் என்கிறதே?

டேபிள் பதிவு செய்யும் ரெசி, ஓப்பன்டேபிள் இரண்டு ஆப்பும் போனில் இருக்கட்டும். பங்கேற்கும் கடைகளின் பட்டியல் வெளியான அன்றைக்கே பார்த்துப் பதிவு செய்யுங்கள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றால் இரவு ஒன்பதே முக்கால்தான் மிச்சம் இருக்கும். இடம் இல்லை என்று காட்டினாலும் "நோட்டிஃபை" பொத்தானை அழுத்தி வையுங்கள். ரத்து செய்தால் காசு பிடிப்பார்கள் என்பதால், பதிவை வைத்துக்கொண்டு யோசிப்பவர்கள் கெடு முடியும் நேரத்தில்தான் விடுவார்கள். எனக்குக் கிடைத்த நல்ல டேபிள்களில் பாதி, முந்தைய நாள் மதியம் வந்த அறிவிப்பில் கிடைத்தவை. அந்தக் கட்டணம் உங்களுக்கும் பொருந்தும், மறக்கவேண்டாம்.

இரண்டே பேர் என்றால் பார் பக்கம் போய்ப் பாருங்கள். பல இடங்களில் பதிவு செய்யாமலே அங்கே உட்கார்ந்து சாப்பிடலாம். பார் என்ற சொல்லைக் கேட்டுத் தயங்கவேண்டாம், எலுமிச்சை சோடா குடித்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்து வரலாம்.

டேபிளைக் காசுக்கு வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். உணவகத்தின் அனுமதி இல்லாமல் அப்படி மறுவிற்பனை செய்யும் தளங்களுக்கு எதிராக நியூயார்க் மாநிலத்தில் 2025 பிப்ரவரி முதல் சட்டமே இருக்கிறது.

நாங்கள் சுத்த சைவம். எங்களுக்கு என்ன இருக்கும்?

கோடையில்தான் நிறைய இருக்கும். குளிர்காலத்தில் சைவம் என்றால் ஒரு பீட்ரூட்டும் ஒரு காளானும்தான். ஜூலைக் கடைசியில் யூனியன் ஸ்கொயர் உழவர் சந்தைக்கு ஒரு காலை நேரத்தில் போய்ப் பாருங்கள். 1976 இலிருந்து நடக்கும் சந்தை, திங்கள், புதன், வெள்ளி, சனியில் உண்டு. தக்காளி மட்டும் பச்சை, மஞ்சள், கருஞ்சிவப்பு என்று பத்து நிறத்தில் கிடக்கும். இனிப்புச் சோளம், பீச், நம் பூசணிப் பூ மாதிரியே இருக்கும் சுக்கினிப் பூ எல்லாம் வரும். வண்டி தள்ளிக்கொண்டு வாங்குபவர்களில் சமையல்காரர்களும் உண்டு. அந்த வாரத்து மெனுவும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கும்.

ஆனால் "வெஜிடேரியன்" என்ற ஒரு சொல்லை நம்பி இருக்காதீர்கள். இங்கே அந்தச் சொல்லுக்குள் முட்டை உண்டு. புதிதாகப் பிசைந்த பாஸ்தா மாவிலேயே முட்டை இருக்கும். ரிசோட்டோ என்ற இத்தாலிய அரிசிச் சாப்பாட்டைப் பெரும்பாலும் கோழி எலும்பு வேகவைத்த நீரில் (ஸ்டாக் என்பார்கள்) கிண்டுவார்கள். சீசர் சாலட் வெறும் இலைதான் என்று பார்த்தால், மேலே ஊற்றும் குழம்பில் நெத்திலி இருக்கும். பன்னா கோட்டா என்ற பால் இனிப்பில் ஜெலட்டின், அது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. அசல் பார்மிசான் சீஸ் உறைவதற்குக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்க்கிறார்கள். உருளைக்கிழங்கு வறுவலைக்கூட மாட்டுக் கொழுப்பில், வாத்துக் கொழுப்பில் பொரிக்கும் இடங்கள் உண்டு.

ஒரு கோடையில் என் மாமனாரை ஒரு பிரெஞ்சு உணவகத்துக்குக் கூட்டிப் போனேன். மெனுவில் அவருக்குப் புரிந்த ஒரே ஐட்டம் வெங்காய சூப். மனிதர் ரசித்து ரசித்துக் குடித்தார், கிண்ணத்தின் ஓரத்தில் கருகி ஒட்டியிருந்த சீஸைக்கூட ஸ்பூனால் சுரண்டிச் சாப்பிட்டார். தட்டை எடுக்க வந்த சர்வரிடம் நான் சும்மா பேச்சுக்குக் கேட்டேன், ரகசியம் என்ன என்று. "பீஃப் ஸ்டாக், எட்டு மணி நேரம் கொதிக்கிறது" என்றார் பெருமையாக. மாமனாருக்குக் காது மந்தம். நான் இதுவரை அவரிடம் சொல்லவில்லை.

அதனால் பதிவு செய்யும்போதே குறிப்பில் எழுதிவிடுங்கள்: இறைச்சி, மீன், முட்டை, எலும்பு ஸ்டாக், ஜெலட்டின் எதுவும் கூடாது, பால் பரவாயில்லை என்று. உட்கார்ந்ததும் இன்னொரு தடவை வாயாலும் சொல்லுங்கள். உயர்தர இடங்களில் இதை யாரும் தொந்தரவாக எடுத்துக்கொள்வதில்லை, உள்ளே போய்ச் சமையல்காரரிடமே கேட்டு வந்து சொல்வார்கள். இந்த விஷயத்தில் நடுத்தரக் கடையைவிட விலை கூடிய கடை நம்பகமானது என்பது என் அனுபவம்.

ரெஸ்டாரண்ட் வீக்கை விட்டுவிட்டு ஒரு தடவை செலவு செய்யலாம் என்றால், லோயர் ஈஸ்ட் சைடில் டர்ட் கேண்டி. அமாண்டா கோஹன் 2008 இல் தொடங்கியது, முழுக்கக் காய்கறி, உணவகங்களுக்குப் பெரிய கௌரவமான மிஷெலின் நட்சத்திரமும் வாங்கியது. டிப்ஸை 2015 இலேயே ஒழித்த கடை அது. மூன்று நட்சத்திர லெவன் மேடிசன் பார்க் 2021 இல் முழுத் தாவர உணவுக்கு மாறி உலகச் செய்தியானது, 2025 அக்டோபரில் இறைச்சியை மறுபடி கொண்டுவந்துவிட்டார்கள். பழைய செய்தியைப் படித்துவிட்டு அங்கே போகாதீர்கள்.

என்ன உடுத்திக்கொண்டு போவது?

நல்ல சட்டை, பேண்ட், மூடிய செருப்பு போதும். கோட் கேட்கும் இடங்கள் மிகக் குறைவு, அவர்களே பதிவில் சொல்லிவிடுவார்கள். புடவை எங்கேயும் எடுபடும். அரை டிராயரும் ரப்பர் செருப்பும் வேண்டாம்.

முக்கியமான விஷயம் சால்வை. வெளியே வெயில் பிளக்கும், உள்ளே ஏசி எலும்பைத் துளைக்கும்.

ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவைக் கூட்டிப் போகலாமா? அவர்களுக்குப் பிடிக்குமா?

பிடிக்கும் என்று உத்தரவாதம் தரமாட்டேன். ஆனால் கூட்டிப் போங்கள். விலையை ரூபாயில் மட்டும் சொல்லாதீர்கள்.

என் அம்மாவைக் கூட்டிப் போனது ஒரு ஜூலைக் கடைசி, வியாழக்கிழமை மதியம். முதலில் வெறும் கிண்ணத்தில் நாலு சோளமுத்தும் ஒரு சொட்டு எண்ணெயும் வந்தது. அம்மா என்னைப் பார்த்தார். இவ்வளவுதானா என்ற பார்வை. பின்னாலேயே ஒரு பெண் சின்னக் கூஜாவோடு வந்து மஞ்சளாக எதையோ கிண்ணத்தில் ஊற்றினாள். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, மெதுவாக, "சூடு பண்ண மறந்துட்டாங்களாடா?" என்றார். இல்லைம்மா, இது ஜில்லென்று குடிக்கிற சூப்தான் என்றேன். இன்னும் இரண்டு வாய் குடித்தார். "சோளத்தைப் பச்சையா அரைச்சுப் பால் எடுத்திருக்கான். சக்கையை நல்லா வடிகட்டியிருக்கான், துணியில வச்சுப் பிழிஞ்சாத்தான் இப்படி வரும்" என்றார். அதற்கப்புறம் அவர் விருந்தாளி இல்லை, பரிசோதகர்.

கடைசியில் பீச் பழத்தை வாட்டி, மேலே பச்சை இலைகளைத் தூவி ஒரு இனிப்பு வந்தது. இலையை எடுத்துக் கசக்கி முகர்ந்தார். "திருநீத்துப் பச்சிலைடா இது! நம்ம கொல்லையில மண்டிக் கிடக்கும், ஆடு கூடத் திங்காது. இதுக்கா இவ்ளோ காசு?" அவர் சொன்னது சரிதான். இங்கே பேசில் என்று விற்பதும் நம் திருநீற்றுப் பச்சிலையும் ஒரே செடி, ஜிகர்தண்டாக் கடைக்காரர் வைத்திருக்கும் சப்ஜா விதைகூட அதிலிருந்து வருவதுதான். சர்வர் பெண் அம்மா என்ன சொன்னார் என்று கேட்டாள். அவங்க ஊரில் இது தோட்டத்தில் தானாக வளரும் என்று மட்டும் மொழிபெயர்த்தேன்.

செம்மாவுக்குப் போகவேண்டுமா? அது ரெஸ்டாரண்ட் வீக்கில் வருமா?

இதில் வருமா என்று காத்திருக்காதீர்கள், தனியாகவே போங்கள். செம்மா நம் தென்னிந்தியச் சாப்பாட்டுக் கடை, கிரீனிச் அவென்யூவில், 2021 இல் திறந்தது. செஃப் விஜய் குமார் திண்டுக்கல் மாவட்டத்து நத்தம்காரர். 2022 இல் மிஷெலின் நட்சத்திரம். 2025 ஜூனில் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த செஃப் என்று, அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது, மேடையில் வேட்டி கட்டிக்கொண்டு போய் வாங்கினார். அதே வருஷம் நியூயார்க் டைம்ஸ் நகரத்தின் 100 சிறந்த உணவகங்களில் இதை முதலிடத்தில் வைத்தது.

அங்கே மெனுவில் நத்தைப் பிரட்டல் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயும் பூண்டும் போட்டுச் சமைத்தால் உலகமே உயர்ந்த சாப்பாடு என்று கொண்டாடும் அதே நத்தை. நம் பக்கம் வயலில் பொறுக்கிச் சாப்பிட்டதை வெளியே சொல்ல வெட்கப்பட்டவர்கள் எத்தனை பேர். என்னைக் கேட்டால், இந்த ஊரில் ஒரே ஒரு பெரிய கடைக்குத்தான் போகமுடியும் என்றால் இதற்குத்தான் போவேன், முழு விலை கொடுத்தே. சைவக்காரர்களுக்குப் பொடி தோசை இருக்கிறது. ஆனால் டேபிள் கிடைப்பது பெரும் பாடு, நோட்டிஃபை பொத்தானும் பொறுமையும் வேண்டும்.

தெருவில் போட்ட மேஜையா, உள்ளேயா?

2020 ஜூனில் கொரோனா காலத்தில் வந்த வழக்கம் இது, 2024 இல் நிரந்தர விதியாக்கினார்கள். நடைபாதையில் இல்லாமல் சாலையிலேயே போடும் மேஜைகள் ஏப்ரல் 1 முதல் நவம்பர் 29 வரை. மே மாதத்திலும் செப்டம்பரிலும் அருமையாக இருக்கும். ஜூலை மதியத்தில் பக்கத்தில் லாரி உறுமும், வெண்ணெய் உருகி ஓடும். உள்ளேயே உட்காருங்கள், சால்வை இருக்கிறதே.

சன்னலில் ஒட்டியிருக்கும் எழுத்து எதற்கு?

நகரச் சுகாதாரத் துறை கொடுக்கும் மதிப்பெண், 2010 இலிருந்து உண்டு. இதில் மதிப்பெண் கூடினால் மோசம். 13 வரை ஏ, 14 முதல் 27 வரை பி, அதற்கு மேல் சி. சமையல் ருசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பி என்றதும் ஓடவேண்டாம், சி என்றால் யோசியுங்கள்.

காரில் போகலாமா?

வேண்டாம். 60 ஆவது தெருவுக்குத் தெற்கே நுழைந்தாலே 2025 ஜனவரியிலிருந்து பகல் நேரத்தில் 9 டாலர். பாலம், சுரங்கப் பாதைக் கட்டணம் தனி, பார்க்கிங் தனி. அந்தக் காசுக்கு இன்னொரு மெயின் கோர்ஸ் சாப்பிடலாம். எடிசன் பக்கத்தவர்கள் மெட்ரோபார்க்கில் ரயில் ஏறினால் மன்ஹாட்டன் பென் ஸ்டேஷனில் இறங்கலாம்.

மிச்சம் இருந்தால் கட்டித் தருவார்களா?

தருவார்கள், எவ்வளவு பெரிய இடமானாலும். கேட்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. அம்மாவோடு போன அன்று அப்பா பாதிக்கு மேல் மிச்சம் வைத்தார். கறுப்பு டப்பாவில், கண்ணாடி மாதிரி மூடி போட்டு, காகிதப் பையில் வைத்துக் கொடுத்தார்கள். சாப்பாடு மறுநாள் குப்பைக்குப் போனது. டப்பாவை அம்மா கழுவித் துடைத்து வைத்துக்கொண்டார். செப்டம்பரில் ஊருக்குத் திரும்பும்போது பெட்டியை எடை போட்டுப் பார்த்தால் இரண்டு பவுண்டு கூடுதல். எதை எடுக்கலாம் என்று கிளறினேன், அடியில் அந்த மாதிரி டப்பா ஒன்பது இருந்தது. நாங்கள் போன எல்லாக் கடை டப்பாவும். கடைசியில் என் சட்டை இரண்டை எடுத்து வெளியே வைத்துவிட்டு மூடினோம்.